காற்றுக்கு ஒரு கவளம்

(பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் வார்ப்படத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் செய்து காட்டியவை அடைப்புக்குறிக்குள் உள்ளன.)



குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இரண்டு தோசைக்கல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கி பொருத்த வந்த தம்பி, "சார், இதுல ஒண்ணு துருப்பிடிச்சிருக்கே, எடுத்து உள்ள வச்சிரட்டா?" என்று கேட்டார். "விட்டுடு தம்பி, இன்னைக்கு அதுதான் சிறப்பு விருந்தினர்" என்றேன்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. எலுமிச்சங்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். (துருப்பிடித்த கல்லின் மேல் புளிக்கரைசலைத் தடவுகிறார்.) இது அரை மணி நேரம் ஊறட்டும். துணியில் சுற்றியிருக்கும் இன்னொரு கல்லைக் கடைசியில்தான் பிரிப்பேன். அதுவரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

புளி தடவிய இந்தக் கல் என் அம்மாவுடையது. அம்மா போன பிறகு பரணுக்கு ஏறியது. பரணுக்கு மேலே தண்ணீர்த்தொட்டி. தொட்டியில் ஒரு கசிவு. பதினொரு வருடம் கழித்து வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, செங்கல் நிறத்தில் வெளியே வந்தது. பழைய இரும்புக்காரருக்குப் போட மருமகள் எடுத்து வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குறை என்னுடையது. பீன்யா பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் இரும்பைக் காய்ச்சி ஊற்றியவன் நான். என் வீட்டுப் பரணில் ஒரு கல் துருப்பிடித்துக் கிடந்தது எனக்கே தெரியாது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்லின் விட்டம் 25 சென்டிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோ வரும். அதன் முகம் முழுவதும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, இரும்பு துருவாகிப் போயிருந்தால் இழப்பு எவ்வளவு? சுமார் 18 கிராம். மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. கண்ணுக்குப் பிணமாகத் தெரியும் கல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு உயிர் இருக்கிறது. இந்தக் கணக்குத் தெரியாமல்தான் நல்ல கற்களைக் கிலோ விலைக்குப் போடுகிறோம்.

கல்லா, இரும்பா?

இரும்பால் செய்ததை நாம் 'கல்' என்கிறோம். கன்னடக்காரர்கள் 'காவலி' என்கிறார்கள். நாம் 'துரு' என்பதை அவர்கள் 'துக்கு' என்பார்கள். கடைக்காரரிடம் இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தால் சிக்பேட்டையில் பேரம் பேசலாம்.

கடையில் இருப்பது இரண்டு வகை. ஒன்று, உருட்டிய இரும்புத் தகட்டை வெட்டி லேசாகக் குழித்தது. மெல்லியது, வழவழப்பானது, கீழே விழுந்தால் நெளியும். இன்னொன்று வார்ப்பிரும்பு. உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுத்தது. கனமானது, சொரசொரப்பானது, கீழே விழுந்தால் உடையும். பணியாரக்கல், ஆப்பச்சட்டி, கனத்த தோசைக்கல் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. கோயம்புத்தூரிலும் பெலகாவியிலும் வார்ப்படப் பட்டறைகள் ஏராளம்.

வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரி சேர்ந்துவிட்டால் 1150 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். தண்ணீர் போல ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் நிற்கும். பணியாரக்கல்லின் ஏழு குழியையும் ஒரே ஊற்றில் எடுக்க முடிவது அதனால்தான். ஆறும்போது அந்தக் கரி, பென்சில் முனையில் இருக்கிறதே கிராஃபைட், அதன் மெல்லிய செதில்களாக இரும்புக்குள் நின்றுவிடும். அந்தச் செதில்களின் ஓரமாகத்தான் அடிபட்டால் விரிசல் ஓடுகிறது.

சொரசொரப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். அது அச்சு மணலின் கைரேகை. அந்தச் சின்னச் சின்னப் பள்ளங்களில் தண்ணீர் தங்கினால் துரு. எண்ணெய் தங்கினால் கல் பழகிவிட்டது என்கிறோம். நண்பனும் திருடனும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகிறார்கள்.

துரு ஏன் வருகிறது?

துருவுக்கு மூன்று பேர் கூட வேண்டும். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன். ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்காது. முழுக்க உலர்ந்த காற்றில் இரும்பு வருடக்கணக்கில் பளபளப்பாக இருக்கும். காற்றை வெளியேற்றிய தண்ணீரிலும் அப்படியே. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். சென்னையில் கடலோரம் இருப்பவர்களைக் கேட்டால் ஜன்னல் கம்பியைக் காட்டிப் பதில் சொல்வார்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப்படலம் ஒன்று இரும்பின் மேல் படிய ஆரம்பிக்கும். பெங்களூரில் மார்ச் மாதம் கல்லை வெறுமனே வைத்தாலும் தப்பிக்கும். ஆகஸ்டில் தப்பிக்காது.

அலுமினியமும் காற்றோடு சேர்கிறது. ஆனால் அங்கே உண்டாகும் படலம் தோல் போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்புத்துரு அப்படியில்லை. தன்னைப் பெற்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் போதாமல் பொருமி உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும். பிறகு அதுவும் துரு.

டெல்லி இரும்புத்தூண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 வருட வயது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய ஆர். பாலசுப்ரமணியம் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது துருவையே இறுக்கமான காப்புப் படலமாக மாற்றிவிட்டது என்று விளக்கினார். ஆக, அந்தத் தூணும் துருப்பிடித்ததுதான். நல்ல துருவாகப் பிடித்துக்கொண்டது. நம் தோசைக்கல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு ஒரு படலத்தை நாம்தான் போட்டுவிட வேண்டும். இன்றைய பேச்சின் பாதி அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் இரும்பு பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவோம். சிக்கமகளூர்ப் பக்கம் கெம்மண்ணுகுண்டி போனவர்கள் கையைத் தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர் போயிருக்கிறீர்கள். பூவும் பனியும் பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்தீர்களா? கெம்மண்ணு என்றால் செம்மண், குண்டி என்றால் குழி. அந்தச் சிவப்பு, இரும்புத்தாதுவின் சிவப்பு. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் உருவாகி 1923இல் உற்பத்தி தொடங்கிய பத்ராவதி இரும்பாலைக்கு அந்த மலையிலிருந்துதான் தாது வந்தது. காட்டு மரத்தைச் சுட்ட கரியையும் தாதுவையும் உலையில் சேர்த்துக் காய்ச்சினார்கள். தாது என்பது ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. உலையில் கரி செய்யும் வேலை, அந்த ஆக்சிஜனைப் பிடுங்குவது.

துருவும் ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்புதான். நாம் உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பிடுங்கியதை, காற்று ஒரு சொட்டுத் தண்ணீரின் துணையோடு சத்தமில்லாமல் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால், தோசைக்கல் துருப்பிடிக்கும்போதுதான் உண்மையாகவே கல்லாகிறது.

முதலில் நோயைப் பாருங்கள்

பெரியவர்கள் நாடி பார்ப்பார்கள். நீங்கள் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

விரலில் மஞ்சள்தூள் போல ஒட்டினால், அது பொடித்துரு. ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தால் இருப்பது அதுதான். கல் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தால் போய்விடும். உப்பு துருவுக்குத் தோழன் என்று இப்போதுதானே சொன்னேன்? தண்ணீர் இல்லாதவரை உப்பு வெறும் மணல். எண்ணெயில் நனைந்த உப்பு தேய்க்கும், கெடுக்காது. தேய்த்த பிறகு ஒரு பரல்கூட மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள்.

நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறதென்றால், அது தோல் துரு. என் அம்மாவின் கல்லில் இருப்பது. புளியும் பொறுமையும் வேண்டும்.

துருவை எடுத்த பிறகு அம்மைத்தழும்பு போலக் குழிகள் தெரிந்தால், அது பள்ளத்துரு. கல் பிழைக்கும், ஆனால் தழும்பு போகாது. தோசை அந்த இடத்தில் சில மாதம் ஒட்டும். அதைச் சப்பாத்திக்கும் கத்தரிக்காய் வதக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைத் தொங்கவிட்டுக் கரண்டிக்காம்பால் ஒரு தட்டுத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. 'தட்' என்று செத்த ஒலி வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. அதை அடுப்பில் ஏற்ற வேண்டாம். பழைய இரும்புக்காரருக்குப் போக வேண்டியது அது ஒன்றுதான்.

புளி செய்யும் வேலை

(கல்லைச் சாய்த்து அவைக்குக் காட்டுகிறார்.) புளிக்கரைசல் கறுத்துவிட்டதைப் பாருங்கள். தடவும்போது இது பழுப்பு நிறம். துருவிலிருந்த இரும்பு கரைந்து இதற்குள் வந்துவிட்டது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம். மூன்றும் துருவைக் கரைக்கும். வினிகர் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊறவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அமிலத்துக்குத் துரு தீர்ந்தது தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். கல்லின் மேல் குட்டிக் குட்டிக் குமிழிகள் இடைவிடாமல் வந்தால், 'போதும், என்னை எடு' என்று கல் சொல்கிறது என்று அர்த்தம்.

பித்தளைக் குடத்துக்குப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்த கை, பழக்கத்தில் இதற்கும் உப்பைச் சேர்க்கும். சேர்க்காதீர்கள். ஈரத்தோடு உப்பு அந்தப் பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் நாளைக்கே திரும்பத் துருவாக வந்து நிற்கும்.

தேய்ப்பதற்கு, துரு கெட்டியாக இருந்தால் ஸ்டீல் நார் அல்லது உப்புத்தாள். வார்ப்பிரும்பு கூச்சப்படாது, அழுத்தித் தேய்க்கலாம். கிராமத்தில் செங்கல் பொடியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். அதுவும் உப்புத்தாள் வேலைதான். கழிவறை கழுவும் அமிலம் சமையல் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. கடையில் விற்கும் துரு நீக்கிகளில் பல கதவு, கம்பி, வண்டிக்கானவை. அவற்றையும் விட்டுவிடுங்கள். பழைய கல்லைக் குப்பை நெருப்பில் போட்டுச் சுடுவது ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். நெருப்பு ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்துக் கல் கோணிப்போனதை, வெடித்ததை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்தால் எடுக்கும் முறையும் உண்டு. சலவை சோடா கரைத்த தண்ணீரில் கல்லை 12 வோல்ட் மின்னூட்டியின் எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைப்பார்கள். இரும்பைத் தின்னாமல் துருவை மட்டும் இளக்கும், அருமையான முறை. ஆனால் ஹைட்ரஜன் வாயு வரும், திறந்தவெளி வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மட்டும் தொங்கவிடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கரையும். இது தெரிந்தவர்கள் செய்யட்டும். மற்றவர்களுக்குப் புளி போதும்.

(கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார். சாம்பல் நிற இரும்பு தெரிகிறது. அவை கைதட்டுகிறது.)

கைதட்டாதீர்கள்

இன்னும் கைதட்டாதீர்கள். இந்த நிமிடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறோம்.

துரு போன இரும்பு, புண்ணின் மேல் பொருக்கு எடுத்த இடம் மாதிரி. மேலே எந்தப் படலமும் இல்லை. ஈரம் இருக்கிறது, காற்று இருக்கிறது. கல்லைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் மேலே குங்குமம் தூவியது போல இருக்கும். 'நேத்துதான் தேச்சேன், இன்னைக்குத் திரும்பவும் வந்திருச்சு, இது ராசியில்லாத கல்' என்பார்கள். ராசியெல்லாம் இல்லை. ஈரத்தோடு விட்டதுதான்.

அதனால் கழுவியவுடன் துடைத்து அடுப்பில் ஏற்றுங்கள். அரங்கத்தில் நெருப்புக் கூடாது என்றார்கள், மின்காந்த அடுப்புக் கொண்டுவந்திருக்கிறேன். (கல்லை அடுப்பில் வைக்கிறார்.) குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம். பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரும் ஆவியாகப் போகட்டும். கை வைத்தால் சுடும் சூடு வந்ததும் எண்ணெய்.

கல்லைப் பழக்குவது

நான் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயம் இதுதான். காற்றுக்குப் பசி. அது எதையாவது தின்னும். இரும்பைத் தின்றால் துரு. எண்ணெயைத் தின்றால் பதம், அதாவது கல்லின் மேல் காப்புப் படலம். துருவும் பதமும் ஒரே ஆக்சிஜன் செய்கிற இரண்டு வேலை. இரும்பைக் காப்பாற்ற வேண்டுமானால் காற்றுக்கு வேறு ஒரு கவளம் கொடுக்க வேண்டும்.

எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடாக்கும்போது, அதன் மூலக்கூறுகள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிக்கொள்ளும். சொட்டாக இருந்தது வலையாகிவிடும். பிறகு அது எண்ணெயே இல்லை, ஒரு வகை வார்னிஷ். அதைத்தான் அம்மாக்கள் 'கல் பழகிடுச்சு' என்றார்கள்.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி பின்னாது. பின்னும் திறனை ஓரளவு காட்டும் அளவை ஒன்று உண்டு, அயோடின் எண் என்பார்கள். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். சூரியகாந்திக்கு 120 முதல் 140. நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120. கடலை எண்ணெய்க்கு 85 முதல் 105. தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவில்தான். அதனால்தான் தேங்காய் எண்ணெய் தடவிய கல் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவோ வெறுமையாகவோ இருக்கும், கறுப்பு மெருகு ஏறாது. அப்படியானால் ஆளிவிதைதான் சிறந்ததா? அது கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் சில மாதத்தில் செதிலாக உரியும் என்று பயன்படுத்திய பலர் சொல்கிறார்கள். நம் வீட்டு நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் போதும்.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு மெல்லியது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு ஸ்பூன் எண்ணெயை விட்டுத் துணியால் தேய்த்துவிட்டு, இன்னொரு காய்ந்த துணியால் 'தெரியாமல் எண்ணெய் கொட்டிவிட்டது' என்று நினைத்துக்கொண்டு துடைத்து எடுங்கள். அதற்கு மேல் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அளவு. தடிமனாக விட்டால் மேலே மட்டும் காய்ந்து, உள்ளே கோந்து போல ஒட்டும். பிறகு மெல்லிய புகை எழும்வரை சூடாக்குங்கள். புகை அடங்கி, மினுமினுப்புப் போய் மங்கியதும் இறக்குங்கள். ஆறியதும் மறுபடி. நாலைந்து முறை செய்தால் சாம்பல் நிறம் பழுப்பாகி, பிறகு கறுக்கும். கேஸ் அடுப்பின் ஜுவாலை நடுவில்தான் படும், கல்லை நகர்த்தி நகர்த்திச் சுட வேண்டும். வீட்டில் ஓவன் இருந்தால் 200 முதல் 250 டிகிரியில் கவிழ்த்துப் போட்டு ஒரு மணி நேரம். ஜன்னலைத் திறந்துவைக்க மறக்காதீர்கள்.

நம் பாட்டிமார் புதுக்கல் வாங்கினால் மூன்று நாள் கழுநீரில் ஊறப்போட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீர் புளித்தால் லேசான அமிலம், பொடித்துருவையும் பட்டறை அழுக்கையும் கழற்றும். அடுத்து எண்ணெய் தடவி ஒரு நாள். அடுத்து வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துச் சூட்டோடு தேய்ப்பார்கள். எண்ணெயை மெல்லியதாகப் பரப்ப அதைவிட நல்ல தூரிகை இல்லை. முதல் இரண்டு மூன்று தோசையைக் காக்கைக்கு வைத்தார்கள். அமிலம், எண்ணெய், சூடு, பொறுமை. நாங்கள் புத்தகம் படித்துச் சொல்கிற அதே வரிசை.

ஓட்டல் கல் ஏன் துருப்பிடிப்பதில்லை?

இந்த ஊரில் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். இருக்கிறது. 1943 முதல் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன் இருக்கிறது. மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர். பெங்களூரில் நல்ல தோசை சுடும் எந்த ஓட்டலிலும் கல்லைக் கவனியுங்கள். கல் முழுக்கத் தண்ணீரை விசிறுகிறார்கள், ஈர்க்குவிளக்குமாற்றால் பெருக்குகிறார்கள், அதன் மேல்தான் மாவு. நான் சொன்ன இலக்கணத்தையெல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை மீறுகிறார்கள். ஆனாலும் அங்கே துரு கிடையாது.

காரணம் எளிது. தண்ணீர் விழுந்த மறுகணம் ஆவி. ஆவி போன மறுகணம் எண்ணெய் அல்லது வெண்ணெய். காற்றுக்கு இரும்பைத் தொட நேரமே கிடைப்பதில்லை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கவளம் போய்க்கொண்டே இருக்கிறது. துருவுக்குப் பிடித்த கல் ஓய்வெடுக்கும் கல்தான்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது, தோசை சுட்டதும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழுவி, அதே அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, நாலு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வைப்பது. இரண்டு நிமிட வேலை. சோப்பு போடலாமா? லேசாகப் போடலாம். பின்னிக்கொண்ட படலத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பு கழற்றாது. ஊறப்போடுவதுதான் கூடாது. சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீரை வாளியோடு கொட்டுவதும் கூடாது, வெடித்துவிடும். புளிக்குழம்பையும் ரசத்தையும் புதிதாகப் பழக்கிய இரும்புச் சட்டியில் வைக்காதீர்கள். துருவை எடுக்கிற புளி, பதத்தையும் மெல்ல எடுத்துவிடும். மழைக்காலத்தில் மூடி போட்டு வைக்காமல், கல்லுக்கு மேல் ஒரு காகிதத்தைப் போட்டுக் காற்றோட்டமாக வையுங்கள்.

ஆயுத பூஜைக்குக் கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். வைக்க வேண்டியதுதான், உழைக்கிற பொருளுக்கு ஒரு நாள் மரியாதை. ஆனால் மறுநாள் துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனம் இருந்த இடத்தில் சரியாகப் பொட்டு அளவுக்குத் துரு வந்ததைப் பல வருடம் பார்த்திருக்கிறேன்.

(கேள்வி: துரு கலந்த தோசை சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாதா?)

கொஞ்சம் துரு வயிற்றுக்குள் போனால் பயப்பட ஒன்றுமில்லை. ருசிதான் கெடும். துருப்பிடித்த ஆணி குத்தினால் வரும் நோய்க்குக் காரணம் மண்ணில் வாழும் கிருமி, துரு அல்ல. துருப்பிடிக்காத நல்ல இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்துச் சேரும். எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1999இல் லான்செட் இதழில் வந்தன. அந்தக் குழந்தைகளின் இரத்தச்சோகை குறைந்திருந்தது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கல் மருந்தாகிவிடாது, ஆனால் பரணில் கிடப்பதைவிட அடுப்பில் இருப்பது நல்லது. உடம்பில் இரும்பு அதிகம் சேரும் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

(கேள்வி: கே.ஆர். மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கல் வாங்கலாமா?)

தாராளமாக. தட்டிப் பாருங்கள், தட்டையான தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மேலே பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் வேண்டாம். துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துருவைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

கடைசியாக, துணியைப் பிரிக்கிறேன். (இரண்டாவது கல்லை எடுத்து உயர்த்திக் காட்டுகிறார்.) இந்தக் கல்லை இன்று காலை ஆறு மணிக்கு முழுக்கத் தேய்த்துச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். நடுவில் கோடு போட்டு, இடது பாதியில் எண்ணெய் தடவித் துடைத்தேன். வலது பாதியில் குழாய்த் தண்ணீரைத் தெளித்து அப்படியே விட்டேன். இரண்டு பாதிக்கும் ஒரே இரும்பு, ஒரே காற்று, ஒரே பன்னிரண்டு மணி நேரம். பாருங்கள், ஒரு பக்கம் காவி, ஒரு பக்கம் இரும்பு. கோடு பிசகவில்லை.

கல்லைச் சுற்றுக்கு விடுகிறேன், எல்லாரும் தொட்டுப் பாருங்கள். வலது பாதியைத் தொட்டவர்கள் போகும்போது கை கழுவிக்கொள்ளுங்கள். இடது பாதியைத் தொட்டவர்கள் தலையில் தடவிக்கொள்ளலாம், நல்லெண்ணெய்தான்.